சத்தம் போட்டவர்களுக்குக் கொடுத்த காசு

2022 ஆவணியில் தம்பியின் ஓட்டோவுக்குக் காப்புறுதி முடிந்திருந்தது. புதுப்பிக்கக் காசில்லை. ஆனிக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா ஆனதும், பிறகு கியூஆர் முறை வந்து ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்ததும் அந்த நாளில் கொழும்பில் இருந்தவர்களுக்கு மறக்காது. அந்த 5 லீற்றரில் ஓடித்தான் வாடகை, லீசிங், அரிசி, பாண் எல்லாம். காப்புறுதி கடைசிக்குப் போய்விட்டது. ஆமர் வீதியில் பொலிஸ் மறித்தது. கோட்டில் 25,000 ரூபா தண்டம். கட்டுவதற்கு நாள் கொடுத்து, சிங்களத்தில் எழுதிய துண்டொன்றையும் கொடுத்தார்கள்.

அம்மா அதை அந்தோனியார் சுரூபத்துக்கு அடியில் வைத்தா. தண்டக் காசை நெஸ்பிரே டின்னில் சேர்த்தோம். வெள்ளவத்தையில் புடைவைக் கடையொன்றில் எனக்கு வேலை. என் சம்பளத்தில் கொஞ்சம், தம்பியின் ஓட்டத்தில் கொஞ்சம் என்று 19,000 சேர்ந்துவிட்டது.

அப்போதுதான் லீசிங்கில் இருந்து சீஸ் பண்ணுகிற ஆட்கள் வந்தார்கள். இரண்டு மாதத் தவணை நிலுவை. எங்கள் ஒழுங்கையில் வாசலில் நின்று கத்தினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அதற்காகவே கத்தினார்கள். ஒருவன் ஓட்டோவின் முன்சில்லில் காலை வைத்துக்கொண்டு நின்றான். அந்தச் சப்பாத்தில் சேறு இருந்தது. தம்பி காலையில்தான் ஓட்டோவைக் கழுவியிருந்தான். "அம்மா, காசு இல்லாட்டி சாவியைத் தாங்க" என்றான். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்று அம்மா உள்ளே போனா. நெஸ்பிரே டின் மூடி திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் தடுக்கவில்லை. ஜன்னல்கள் மூடினால் போதும் என்றிருந்தது.

தண்டம் கட்டும் நாள் வந்தது. காசில்லாமல் போனால் அப்படியே உள்ளே போட்டுவிடுவார்கள் என்றான் தம்பி. எனக்கும் அது சரியாகவே பட்டது. அவன் கோட்டுக்குப் போகவில்லை.

தை மாதம் ஒரு விடியற்காலை பொலிஸ் பிடியாணையோடு வந்தது. எங்கள் கொட்டாஞ்சேனைத் தமிழ் வீடுகளில் அந்த நேரத்துக் கதவுத் தட்டலுக்கு ஒரு வரலாறு உண்டு. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பிடித்து பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஆட்களைக் கடத்திய வெள்ளை வான்கள். அம்மாவுக்கு அதற்கும் பழைய நினைவு இருந்தது. கட்ட வழியில்லை என்று தெரிந்ததும் கோட்டில் இருந்து தம்பியை மறியலுக்கு அனுப்பினார்கள். பொரளை, மெகசின் சிறைச்சாலை என்றதும், "அது வெலிக்கடைக்குப் பக்கத்தில" என்று சொல்லிவிட்டு அம்மா நிலத்தில் இருந்துவிட்டா. 1983 ஜூலையில் இரண்டே நாளில் 53 தமிழ்க் கைதிகளை அடித்துக் கொன்ற இடம். பிள்ளை இருப்பது காப்புறுதிக் கேசுக்காக என்று எத்தனை தரம் சொல்லியும் அம்மாவின் காதில் ஏறவில்லை.

பேஸ்லைன் வீதியில் வரிசையில் நின்று தம்பியைப் பார்த்தேன். மூன்று நாளில் முகம் கறுத்திருந்தது. நெரிசலில் கால் நீட்டிப் படுக்க இடமில்லை என்றான். பிறகு, "அக்கா, ஓட்டோ நனையுதா?" என்று கேட்டான்.

வெள்ளவத்தையில் இருக்கும் சித்தி சங்கிலியை அடகு வைத்துத் தந்த காசில் தண்டத்தைக் கட்டினோம். ஒன்பதாம் நாள் தம்பி வெளியே வந்தான். அன்று லோயரின் கிளாக் ஒருவர் சொன்னதைத்தான் நான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்: "அந்த நாளில வந்து கையில 19,000 இருக்கு, மிச்சத்துக்குத் தவணை தாங்கன்னு கேட்டிருக்கலாமே, தங்கச்சி." 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறதாம். தண்டத்தைக் கட்ட நீதவான் அவகாசம் கொடுக்கலாம், பகுதி பகுதியாகவும் கட்டச் சொல்லலாம்.

லீசிங்காரனால் ஓட்டோவைத்தான் கொண்டுபோக முடியும், தம்பியை மறியலில் போட முடியாது. அந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வாசலில் கத்தியவனுக்குப் பயந்து, சுரூபத்துக்கு அடியில் சத்தமில்லாமல் கிடந்த துண்டை மறந்தோம்.

2023 நத்தாரன்று 1,004 கைதிகளுக்கு ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்தார். தண்டம் கட்ட முடியாமல் உள்ளே இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஏறக்குறைய 11,000 பேருக்கான சிறைகளில் அப்போது 30,000 பேர் வரை இருந்ததாகச் செய்தி. இந்த நாட்டில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பல ஆண்டுகளாகப் பாதிக்கு மேல் தண்டம் கட்ட முடியாதவர்கள்தான். அவர்கள் வீடுகளிலும் ஏதோ ஒரு டின் காலியாகியிருக்கும்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு துண்டு இருந்தால், சிங்களம் தெரிந்த ஒருவரிடம் இன்றைக்கே வாசிக்கக் கொடுங்கள். கையில் காசு இல்லாவிட்டாலும் அந்தத் திகதிக்குக் கோட்டுக்குப் போங்கள். இருப்பதைச் சொல்லி, மிச்சத்துக்குத் தவணை கேளுங்கள்.