பெட்டாவுக்குப் படி வழி

சுற்றுலாப் பயணிகளுக்கு மைசூரு என்றால் அரண்மனை, தசரா, மைசூர்பாகு. ஊர்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பெட்டா. சாமுண்டி மலையை அவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். பொழுது புலர்வதற்குள் படிக்கட்டின் அடிவாரத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது: கல்லூரி மாணவர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சேலையை இடுப்பில் செருகிய குடும்பத் தலைவிகள். சிலருக்கு இது வேண்டுதல். சிலருக்கு, சர்க்கரை நோய்க்கு டாக்டர் சொன்ன வைத்தியம்.

மலையின் உயரம் 3,489 அடி. ஊரே சுமார் 2,500 அடி உயரத்தில் இருப்பதால் ஏற வேண்டியது ஆயிரம் அடிதான். படிகளும் ஏறக்குறைய ஆயிரம். 1659 முதல் 1673 வரை ஆண்ட தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் அமைந்தவை. எடுத்த எடுப்பிலேயே செங்குத்து. வேகமாகக் கிளம்பும் இளைஞர்கள் சற்று நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து மூச்சு வாங்க, பெரியவர்கள் நிதானமாக அவர்களைக் கடந்து போகிறார்கள். குழுவாக வருபவர்கள், பின்தங்கியவர்களுக்காக அங்கங்கே நின்று காத்திருக்கிறார்கள். இந்தக் காட்டில் சிறுத்தைகள் உண்டு. இருட்டில் தனியாக ஏறாமலிருப்பதே நல்லது. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் வைத்தபடி ஏறும் பெண்களோ ஆயிரம் முறை குனிந்து நிமிர்கிறார்கள்.

முக்கால்வாசி தூரத்தில் நந்தி. அதே மன்னர் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கப்பட்டது. சுமார் 16 அடி உயரம், 25 அடி நீளம். எல்லோரும் இளைப்பாறும் இடம் இதுதான். கீழே அரண்மனைக் கோபுரங்களும் வெள்ளை லலிதா மகாலும் பொம்மைகளாகத் தெரிகின்றன. படி வழியும் வாகனச் சாலையும் சந்திப்பதும் இங்கேதான்.

அந்தச் சாலைதான் கவலைக்குரியது. 2021 அக்டோபரில் கொட்டித் தீர்த்த மழையில் நந்திக்குச் செல்லும் சாலையின் ஒரு பகுதி சரிந்தது. தொடர்ந்து வந்த வாரங்களிலும் மண் சரிந்தது. மலையை வெட்டிச் சாலை போட்டால், மழை நீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். மேலே கடைகளும் கட்டடங்களும் பெருகப் பெருக, மலை தாங்க வேண்டிய சுமையும் கூடுகிறது.

இந்த நிலையில், 2022 மார்ச்சில் கர்நாடக பட்ஜெட் சாமுண்டி மலைக்கு ரோப்வே அறிவித்தது. மைசூருவாசிகள் கொதித்தெழுந்தார்கள். தமிழ்நாட்டுப் பக்தர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். பழனியில் 2004 முதல் ரோப்கார் ஓடுகிறது. முதியவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பழனியில் பக்தர்களை மேலே கொண்டுபோக பஸ் கிடையாது. சாமுண்டியிலோ டவுன் பஸ் கோயிலுக்கு அருகிலேயே இறக்கிவிடுகிறது. சாலை இருக்கும்போது, கம்பம் நட மலையை மேலும் ஏன் குடைய வேண்டும் என்பதே அவர்கள் கேள்வி. அந்த ஆண்டு ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது.

மலைக்கு மூச்சு முட்டுவது ஆஷாட மாத வெள்ளிக்கிழமைகளில். ஆனி, ஆடியை ஒட்டி வரும் அந்த நாட்களில் கூட்டம் அலைமோதும். சமீப ஆண்டுகளில் அப்போது தனியார் வாகனங்களை அடிவாரத்திலேயே நிறுத்தி, பஸ்களில் பக்தர்களை ஏற்றிச் செல்கிறார்கள். படிகளில் வருவோருக்கு வாகனம் நிறுத்த இடம் வேண்டாம். சாலையை அகலப்படுத்தவும் வேண்டாம். கையோடு கொண்டுவரும் தண்ணீர் பாட்டிலைக் கையோடு திரும்பக் கொண்டுபோனால் போதும்.

நடப்பது எல்லோராலும் முடியாது. மூட்டு வலிக்காரர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் சாலை தேவை. முடிந்தவர்கள் படியேறினால், முடியாதவர்களுக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.