அம்மாவின் குரலில் பேசியவர்கள்

தில்லானா மோகனாம்பாளின் வைத்தி என்றதும் எல்லோருக்கும் நாகேஷின் முகம்தான் வரும். எனக்கும் இன்று அப்படித்தான். ஆனால் 1968-க்கு முன்பு எங்கள் வீட்டில் வேறொரு வைத்தி இருந்தார். அவருக்கு உடம்பு கொடுத்தவர் ஓவியர் கோபுலு. குரல் கொடுத்தவர் என் அம்மா.

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் தில்லானா மோகனாம்பாளை எழுதியது ஐம்பதுகளின் பின்பாதியில். அது வாரந்தோறும் வந்தபோது நான் கைக்குழந்தை. எனக்குத் தெரிந்தது பைண்டு புத்தகம்தான். பத்திரிகையை எல்லோரும் படித்து முடித்ததும் பின்னைக் கழற்றி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி, தலையணைக்கு அடியில் வைத்து மடிப்பு நீக்கி, அலமாரியில் அடுக்குவார் அம்மா. கதை முடிந்ததும் கட்டு முழுவதும் பைண்டரிடம் போகும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை, முதுகுக்குக் காலிகோ துணி, மூலைக்கும் அதே துணி. ஓரம் வெட்டும்போது சில பக்கங்களில் வரியின் கடைசி எழுத்து போய்விடும். அந்த எழுத்துகளை அம்மா தாமாகவே போட்டுக்கொண்டு தடையில்லாமல் படிப்பார்.

உருவிய பக்கங்களின் மறுபுறத்தில் என்னென்னவோ இருக்கும். அமிர்தாஞ்சன் விளம்பரம், ஒரு நகைச்சுவைத் துணுக்கு, வேறு யாரோ எழுதிய சிறுகதையின் நடுப்பகுதி. தலைப்பும் தெரியாது, முடிவும் தெரியாது. ரயில் நிலையத்தில் ஒருத்தி தம்பிக்காகக் காத்திருக்கும் ஒரு பக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தம்பி வந்தானா என்று எத்தனையோ சிறுகதைத் தொகுப்புகளில் தேடியிருக்கிறேன்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்தபின் கூடத்தில் அம்மா படிப்பார், பாட்டி கேட்பார். ஒரு புத்தகத்தை எத்தனை முறை படித்தாலும் முதல் முறை கேட்பதுபோலவே கேட்பார். பாட்டி பிறந்தது சிக்கலுக்குப் பக்கத்து ஊர். ஆகையால் கதையின் நாயகனான நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம் அவருக்குக் கதாபாத்திரம் இல்லை, பிறந்த ஊர்ப் பையன். "அவனுக்கு இந்தக் கோவம் ஆகாது, சொல்லி வையி" என்பார் அம்மாவிடம், ஏதோ அம்மா அவனை நாளைக்குக் கடைத்தெருவில் பார்க்கப் போவதுபோல. "சொல்றேன் அத்தே" என்று அம்மாவும் பதில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவார். படம் வந்த பக்கத்தில் மட்டும் புத்தகம் பாட்டியின் கைக்குப் போகும். சிம்னி விளக்கை இழுத்துவைத்துக்கொண்டு கோபுலுவின் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

ஏ.பி. நாகராஜனின் படம் எங்கள் ஊருக்கு வந்தபோது மூன்று பேரும் போனோம். அந்தப் படத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. மதுரை சகோதரர்கள் சேதுராமனும் பொன்னுசாமியும் வாசித்ததை சிவாஜி தம் கன்னத்திலும் கழுத்து நரம்பிலும் வாங்கி வாசித்த விதத்தை நாயனக்காரர்களே வியந்து பேசக் கேட்டிருக்கிறேன். சுப்பு எழுதிய நீண்ட கதையில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று நாகராஜன் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் சரியானவை. பத்திரிகையில் வாரக்கணக்கில் நீண்ட ஊர்ப்பயணங்களும் கிளைக்கதைகளும் போய், பிடிவாதக்காரர்கள் இருவர் மட்டும் எதிரெதிரே நிற்கிறார்கள். நாதஸ்வரத்தை எழுத்தில் கேட்க வைப்பது சுப்புவுக்கே கஷ்டமாக இருந்திருக்கும். படத்தில் அது கேட்டது. பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

கொஞ்ச நாள் கழித்து அம்மா மறுபடியும் அந்த பைண்டு புத்தகத்தை எடுத்தார். வைத்தி பேசும் இடம் வந்தது. அம்மாவின் குரல் தானாக மேலேறி, வார்த்தைகளை விழுங்கி, நாகேஷ் மாதிரி ஓடியது. சண்முகசுந்தரம் பேசும்போது சிவாஜியின் நிறுத்தமும் அழுத்தமும் வந்தன. அம்மா அதை வேண்டுமென்று செய்யவில்லை. கவனித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. பாட்டி சிரித்து ரசித்தார். நான் மட்டும் பழைய வைத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். நாகேஷைவிட மெதுவாகப் பேசுகிற, மெதுவாகப் பேசுவதாலேயே பயமூட்டுகிற அந்த வைத்தி, அதன்பின் எங்கள் கூடத்துக்கு வரவே இல்லை. நாகேஷ் ஒரு மகா கலைஞர். அவர் வந்து உட்கார்ந்த இடத்தில் இன்னொருவர் உட்கார இடம் கிடையாது.

கதை, ஓவியம், திரை என்கிற இந்த வரிசை எப்போதும் இப்படியே இருந்ததும் இல்லை. 1939-ல் கல்கி தியாகபூமியை விகடனில் எழுதியபோது, கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த அதே படத்தின் புகைப்படங்கள்தான் தொடருக்குச் சித்திரங்களாக அச்சாயின. வாசகர்களுக்கு முதல் வாரத்திலிருந்தே சம்பு சாஸ்திரி பாபநாசம் சிவன்தான், சாவித்திரி எஸ்.டி. சுப்புலட்சுமிதான். பின்னாளில் அந்தப் படத்தை வெள்ளைக்கார அரசு தடை செய்தது. படம் பார்க்கக் கிடைக்காத வருஷங்களில் அந்தப் புகைப்படத் தாள்கள் எத்தனை வீட்டு அலமாரிகளில் பத்திரமாக இருந்திருக்குமோ.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-ல் விகடனில் வந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்கு எதுவும் முழுசாகப் புரியாத வயது. மழை, ஒரு கார், கல்லூரிப் பெண், அழுதபடி வீடு திரும்பும் அவள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டும் இடத்தில் அம்மாவுக்குப் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பாட்டிதான் கடைசியில் பேசினார். "சரியாத்தான் செஞ்சிருக்கா. வேற என்ன செய்வா பெத்தவ?" தமிழ்நாடு முழுக்கப் படித்தவர்கள் அந்தக் கதையை எதிர்த்தும் ஆதரித்தும் கடிதம் எழுதித் தீர்த்த காலம் அது. எழுத்தே தெரியாத ஒரு கிழவி ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டிக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பீம்சிங் இயக்கிய படம் 1977-ல் வந்தது. திரைக்கதையும் வசனமும் ஜெயகாந்தனே எழுதினார், ஆகையால் நாவலை விட்டு விலகவில்லை என்று பலரும் பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பாராட்டு போதவில்லை. நாவல் முழுவதும் நாயகி கங்கா தன்னோடு தானே பேசிக்கொள்கிறாள். ஊருக்குத் தெரியாத அந்தப் பேச்சுதான் நாவல். அதை வசனத்தால் திரைக்குக் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தது கங்காவாக நடித்த லட்சுமியின் முகம். பஸ்ஸில், அலுவலகத்தில், அண்ணன் வீட்டு வாசலில் அவர் வாயைத் திறக்காமல் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் நான் நாவலின் பக்கங்களைக் கேட்டேன். அவருக்குத் தேசிய விருது கிடைத்தபோது அம்மா சந்தோஷப்பட்டது, சொந்தத் தங்கைக்குக் கிடைத்தது மாதிரி.

சுஜாதாவை அம்மா சத்தமாகப் படித்ததே இல்லை. படிக்கவும் முடியாது. ஒருவன் மாடிப்படி இறங்கினான் என்றால் எழுத்துகளையும் படிபடியாக இறக்கி அச்சிட வைப்பவரை எப்படி வாய்விட்டுப் படிப்பது? அது கண்ணுக்கென்றே எழுதப்பட்ட தமிழ். ஜெயராஜின் ஓவியத்தோடு பக்கத்தைப் புரட்டும் வேகத்தில்தான் அவருடைய வக்கீல்கள் கணேஷும் வசந்த்தும் உயிரோடு இருந்தார்கள். 1978-ல் படமாக வந்த ப்ரியாவில் ரஜினி கணேஷாக வந்தார், சிங்கப்பூர் வந்தது, இளையராஜாவின் அற்புதமான பாட்டுகள் வந்தன. கணேஷ் வரவில்லை. காயத்ரி, கரையெல்லாம் செண்பகப்பூ என்று அவர் கதைகளிலிருந்து வந்த படங்களையும் கணேஷைத் தேடிய அதே ஆசையோடு போய்ப் பார்த்தேன்.

இயக்குநர் மகேந்திரனைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் மாணவராக இருந்தபோது, எம்.ஜி.ஆரை மேடையில் வைத்துக்கொண்டே தமிழ் சினிமாவைக் குறை சொல்லிப் பேசியவர் அவர். எம்.ஜி.ஆர் கோபப்படாமல், பின்னால் அவரையே அழைத்துப் பொன்னியின் செல்வனுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். அந்தப் படம் எடுக்கப்படவில்லை. அத்தனை பெரிய நாவலைத் திரைக்காகப் பிரித்துப் பார்த்த மனிதர், தானே இயக்க வந்தபோது நாவல்களை மிகக் கொஞ்சமாகத்தான் தொட்டார்.

உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' கல்கி வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதல் பரிசு பெற்றுத் தொடராக வந்தது. அம்மா படித்து நான் கேட்ட கடைசித் தொடர்களில் ஒன்று. நாவலில் காளியின் கையைப் புலி கொண்டுபோகும். அந்த வாரம் பாட்டி தூங்கவில்லை. 1978-ல் படம் பார்க்கப் போனபோது நான் புலிக்காகக் காத்திருந்தேன். புலி வரவில்லை, லாரி வந்தது. நாவலின் சம்பவங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டே இருந்தன. ஆனால் விஞ்ச் ஓட்டுகிற அந்த முரட்டு அண்ணனும், அவன் உலகம் முழுவதுமான தங்கை வள்ளியும் அப்படியே இருந்தார்கள். பாலு மகேந்திராவின் வெளிச்சத்தில், பேச்சுக் குறைந்த காட்சிகளில், ரஜினியும் ஷோபாவும் பார்த்துக்கொண்ட பார்வையில், எங்கள் கூடத்தில் அம்மா நிறுத்தி நிறுத்திப் படித்தபோது இருந்த அந்த இடைவெளி எனக்குத் திரும்பக் கிடைத்தது. பாத்திரங்களின் நடுவே நான் போய் உட்கார இடம் இருந்தது. எதையும் எனக்காக யாரும் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை.

அடுத்த வருஷம் உதிரிப்பூக்கள். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால் திகைப்புத்தான் மிஞ்சும். கதையிலிருந்து மகேந்திரன் எடுத்துக்கொண்டது தாயில்லாமல் போகிற குழந்தைகளின் தவிப்பை மட்டும். அதற்கே புதுமைப்பித்தனின் பெயரைத் திரையில் போட்டு நன்றி சொன்னார். கிராமம், ஆறு, குழந்தைகளின் தகப்பன் சுந்தரவடிவேலுவைத் தண்ணீரை நோக்கி நடக்க வைக்கிற ஊர் எல்லாம் அவர் கட்டியவை. இருந்தும் அந்தக் கரையில் நிற்கும் இரண்டு குழந்தைகளைப் பார்த்தபோது, 1948-லேயே போய்விட்ட புதுமைப்பித்தன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பதாகத் தோன்றியது. நாவலை வரிவரியாகப் படமெடுத்தவர்களைவிட, அதில் ஒரே ஒரு வலியை எடுத்துக்கொண்டு போனவர்தான் எழுத்தாளனுக்கு நெருங்கிய உறவு என்று நான் நம்பத் தொடங்கியது அன்றுதான்.

அந்த நம்பிக்கையை ஞான ராஜசேகரனின் மோகமுள் கொஞ்சம் அசைத்தது. 1995. தி. ஜானகிராமனின் நாவலை மிகுந்த மரியாதையோடு, கும்பகோணத்தின் தெருவும் படித்துறையும் வாசனையோடு தெரிய எடுத்தார். சங்கீத குரு ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு வந்ததும் எனக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும்போல இருந்தது. என் மனசில் இருந்த ரங்கண்ணாவைவிட அவர் மேலானவர். யமுனா மட்டும் கிடைக்கவில்லை. அதில் நடிகையின் குற்றம் எதுவும் இல்லை. ஜானகிராமன் யமுனாவை நாயகன் பாபுவின் கண் வழியாக மட்டுமே காட்டுகிறார், பாபுவோ அவளைக் கும்பிட்டுக்கொண்டே பார்க்கிறான். அந்தக் கும்பிடுகிற கண் எந்தக் கேமராவுக்கும் இல்லை.

அம்மா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அப்போது பார்வை மங்கி, படிப்பதும் நின்றிருந்தது. நாவலை நான் படித்துக் காட்ட, அவர் கேட்டார். என் குரலில் பாபு எப்படிக் கேட்டானோ, சொல்லவில்லை. "கொஞ்சம் மெதுவாப் படிப்பா, அவன் அவ்வளவு அவசரக்காரன் இல்ல" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார்.

2022-ல் பொன்னியின் செல்வன் வந்தபோது அண்ணன் பேத்தி முதலில் படம் பார்த்துவிட்டு, பிறகுதான் ஐந்து பாகத்தையும் எடுத்து உட்கார்ந்தாள். அவளுக்கு வந்தியத்தேவன் கார்த்தியின் குரலில்தான் பேசுகிறான். அதில் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை, நானும் குறை சொல்லமாட்டேன். ஓவியர் மணியம் வரைந்த குந்தவையை அவளுக்குக் காட்டினேன். "கொண்டை அழகா இருக்கு" என்றாள். மணி ரத்னத்தின் இரண்டு படங்களையும் எனக்குப் பிடிக்கும், குறிப்பாக நந்தினியும் ஆதித்த கரிகாலனும் எதிரெதிரே வரும் இடங்கள். நான் ஏங்கியது ஒரே ஒருவருக்காக. வீராணம் ஏரிக்கரையில் வாசகரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய், இடையிடையே நின்று, நம்மோடு பேசிவிட்டு நடக்கிற கல்கிக்காக. தொடக்கத்தில் கமல்ஹாசன் கதை சொல்கிறார், கம்பீரமாகவே சொல்கிறார். கல்கியின் குரல் கம்பீரமானது அல்ல, திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற குரல். எங்கள் வீட்டில் அது அம்மாவுக்குத் தானாக வரும்.

அந்த பைண்டு புத்தகங்களில் பாதி இப்போது இல்லை. இரவல் போனவை, ஈரத்தில் ஒட்டிக்கொண்டவை, வீடு மாற்றியபோது காணாமல் போனவை. மிஞ்சியிருப்பவற்றைவிட நான் அதிகம் எடுப்பது கடையில் வாங்கிய ஜானகிராமனின் 'செம்பருத்தி'யை. சட்டநாதனுக்கும் புவனாவுக்கும் குஞ்சம்மாளுக்கும் எந்த நடிகரின் முகமும் என் மனசில் ஒட்டவில்லை. அம்மா எனக்குப் படித்துக் காட்டிய நாவல் அது, நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு கோடையில். நாளைக்கு யாராவது நல்ல இயக்குநர் அதைப் படமாக எடுத்தால் முதல் நாளே போய்விடுவேன். போவதற்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரு தடவை வாய்விட்டுப் படிப்பேன், மெதுவாக.