பிறர் சுமந்த என் சுமை



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதத்தில், என் மாமா மகனுடனும் நண்பர்கள் இருவருடனும் காஷ்மீரின் சோனாமார்க்கிலிருந்து நாராநாக் வரை மலைப்பாதையில் நடந்தேன். ஏறத்தாழ 70 கிலோமீட்டர். கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலை மாமா மகன் முன்பே அனுப்பியிருந்தான். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான், இத்தனை எதற்கு?" என்று சிரித்தேன்.

என் முதுகுப்பை 17 கிலோ கனத்தது. அதில் ஜீன்ஸ், பருத்திப் பனியன்கள், தடித்த துவாலை, இரண்டு நூல்கள் இருந்தன. மழையங்கியும் கம்பளிச் சட்டையும் இல்லை. காலணி வாங்கி நான்கு நாள்களே ஆகியிருந்தன. முதல் நாள் மாலையே குதிகால்கள் கொப்புளித்தன.

இரண்டாம் நாள், 13,000 அடிக்கும் உயரமான நிச்னாய் கணவாயை நெருங்குகையில் மழை பிடித்துக்கொண்டது. பருத்தி நீரை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும்; உடலின் வெப்பத்தையும் விரைந்து இழக்கச் செய்யும். பைக்குள் இருந்த மாற்றுடையும் நனைந்துவிட்டது. பற்கள் கிட்டின, நாக்குக் குழறியது, பையின் வாரைக்கூட விரல்களால் அவிழ்க்க இயலவில்லை. குளிர் உடலை வெல்லத் தொடங்கிவிட்டதை மாமா மகன் உணர்ந்துகொண்டான். தன்னிடமிருந்த ஒரே கம்பளிச் சட்டையைக் கழற்றி, "மச்சான், முதலில் இதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றான். என் சுமையை நண்பர்கள் பங்கிட்டுக்கொண்டனர். கணவாய்க்கு அப்பால் ஆடு மேய்க்கும் பகர்வால் முதியவர் ஒருவர் தம் கூடாரத்தில் எங்களை அமர்த்தி, மரமே வளராத அவ்வுயரத்தில் அரிதாய்ச் சேர்த்துவைத்திருந்த விறகை எரித்து, உப்புத் தேநீர் தந்தார். அன்றிரவு காய்ச்சலில் நடுங்கியவன் நானல்லன். என் மாமா மகன்.

உறங்காமல் கிடந்தபோது, அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இறங்கிய பின்னணி நினைவுக்கு வந்தது. யமன் நாட்டவர் சிலர் வழியுணவின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, தாங்கள் தவக்குல் வைத்தவர்கள் எனக் கூறிக்கொள்வார்கள். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். இதை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பதாக புகாரியில் காண்கிறோம். வழியுணவைத் திரட்டிக்கொள்ளப் பணித்த இறைவன், அதே வசனத்தில் இறையச்சமே சிறந்த வழியுணவு என்றும் உணர்த்துகிறான். நான் தவக்குல் என்று எண்ணியது சோம்பல். அதற்குரிய விலையை என்னுடன் வந்தவர்களும் முன்பின் அறியாத ஒரு முதியவரும் செலுத்தினர்.

அதன்பின் என் பழக்கம் மாறியது. புதுக் காலணியை ஒரு மாதமேனும் அணிந்து நடந்து பழக்கிய பின்னரே மலைக்குக் கொண்டுசெல்கிறேன். உடலை ஒட்டிய ஆடை கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கும், பருத்தி கூடாது. மேலுறையை மட்டும் நம்பாமல், பைக்குள் கனத்த பிளாஸ்டிக் பையை விரித்து அதனுள் உடைகளை அடுக்குகிறேன். இரவில் அணியும் உலர்ந்த உடையைப் பகலில் எக்காரணத்தாலும் எடுப்பதில்லை. கட்டிய பையுடன் முன்னதாகவே ஒருநாள் முழுதும் நடந்து பார்த்து, வேண்டாதவற்றை வெளியே எடுத்துவிடுகிறேன்.

இத்தனை குறைத்த பின்னும் ஒரு கம்பளிச் சட்டையை மட்டும் கூடுதலாக வைக்கிறேன். அது எனக்கன்று. என்னைப் போல் சிரித்துக்கொண்டு புறப்பட்டு வரும் எவருக்கேனும் அது தேவைப்படலாம்.