ரிவர்ஸ் கேமரா ஆன் பண்ணா எஃப்.எம். ஏன் இரையுது? கோர்வை நெய்த வீட்டிலிருந்து ஒரு கனெக்டர் டிசைனர்!

காரை ரிவர்ஸ் எடுக்கிறீர்கள். பின்பக்க கேமரா ஆன் ஆகிறது, திரையில் காம்பவுண்டு சுவர் தெரிகிறது. அதுவரை தெளிவாகப் பாடிக்கொண்டிருந்த எஃப்.எம். அதே நொடியில் 'உஸ்ஸ்...' என்று இரைகிறது. கியரை மாற்றியதும் இரைச்சல் போய்விடுகிறது. 'ஸ்பீக்கர் போச்சு' என்று மெக்கானிக்கிடம் ஓடுபவர்கள் உண்டு. ஆனால் குற்றவாளி, கேமராவின் சர்க்யூட் போர்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு கனெக்டராகவும் இருக்கலாம்.

அந்த மாதிரி கனெக்டர்களை வரைவதுதான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தைச் சேர்ந்த அந்த 28 வயதுப் பெண்ணின் வேலை. கம்பெனி விதிப்படி அவர் பெயரையும் கம்பெனி பெயரையும் சொல்லக் கூடாது. தெருவில் அவருக்கு 'டிசைனர் பொண்ணு' என்று பெயர். காஞ்சிபுரத்தில் டிசைனர் என்றால் புடவைக்குப் புட்டாவும் பார்டரும் வரைகிறவர் என்றுதான் அர்த்தம். கல்யாண வீடுகளில், "புதுசா ஏதாவது முந்தி டிசைன் இருக்கா பாப்பா?" என்று கேட்பவர்களுக்கு, "கொஞ்ச நாள் ஆகும்க்கா" என்று சொல்லித் தப்பித்துவிடுவார். விளக்கப் போனால் பந்தி முடிந்துவிடும்.

விளக்குவது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. உங்கள் போனின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். டைப்-சி போர்ட் என்றால், அந்த வாயின் அகலம் சுமார் எட்டேகால் மில்லிமீட்டர், உயரம் இரண்டரை. அதற்குள் மேலே 12, கீழே 12 என்று 24 தொடுபுள்ளிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை மில்லிமீட்டர்தான் தூரம். மின்சாரமும் தகவலும் போவது இதே சின்ன வாய் வழியாகத்தான். 10,000 முறை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்பது விதி. 2014-ல் இந்த வடிவம் அறிவிக்கப்பட்டபோது, எந்தப் பக்கம் செருகினாலும் வேலை செய்யும் என்பதைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். சுற்றியிருக்கும் உலோகக் கூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தக் கூடுதான் ஷீல்டு, அதாவது கவசம். கம்பியில் வேகமாகத் துடிக்கும் சிக்னல் கம்பிக்குள்ளேயே அடங்கி இருக்காது. ஆன்டெனா போல வெளியே அலையை வீசும். உலோகத்தால் முழுக்க மூடினால் அலை வெளியே வராது, வெளியிலிருப்பதும் உள்ளே போகாது. 1836-லேயே மைக்கேல் ஃபாரடே ஓர் அறையை உலோகத் தகடால் சுற்றி மூடி இதைக் காட்டிவிட்டார். நம் வீட்டு மைக்ரோவேவ் அவன் கதவில் இருக்கும் புள்ளிப் புள்ளி வலையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கவசம் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் உண்டு. யு.எஸ்.பி. 3.0 சாதனங்களைச் செருகினால் பக்கத்திலிருக்கும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது என்ற புகார் வந்தது. அந்த வேகமான சிக்னலின் இரைச்சல், வைஃபையும் மவுஸும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது என்று 2012-ல் இன்டெல் நிறுவனமே ஆய்வறிக்கை வெளியிட்டது. கனெக்டரின் கவசத்தை ஒழுங்காகச் செய்யுங்கள் என்பது அது சொன்ன தீர்வுகளில் ஒன்று.

நம் பெண்ணுக்கும் அதே சிக்கல்தான் வந்தது. காரின் பின்பக்க கேமராவுக்காக அவர் முதன்முறையாகத் தனியாக வரைந்த கனெக்டர் அது. அதற்கு முன்பு அந்த வாடிக்கையாளர் அதே மாதிரி பாகத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார். 'சின்னதாக, மலிவாக, இங்கேயே செய்து தர முடியுமா?' என்பதுதான் கேள்வி. சோதனையில் தேறாவிட்டால் பழையபடி இறக்குமதிக்கே போய்விடுவார்கள்.

சோதனை சென்னையில் நடந்தது. இதற்கென்றே தனி அறைகள் உண்டு. தரமணியில் மத்திய அரசின் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையமும் இந்த வகைச் சோதனைகளைச் செய்கிறது. அறையின் சுவரெல்லாம் கூம்பு கூம்பாகப் பஞ்சு போன்ற பொருளை ஒட்டியிருப்பார்கள். அலை பட்டால் திரும்பாமல் அங்கேயே அடங்கிவிடும். கதவை மூடினால் உள்ளே போனில் சிக்னலே இருக்காது. கேமராவை மேஜையில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி ஆன்டெனாவை நிறுத்தி, என்னென்ன அலைவரிசையில் எவ்வளவு கசிகிறது என்று திரையில் கோடு வரைவார்கள். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு. அவருடைய கனெக்டரின் கோடு எஃப்.எம். பக்கம் ஒரு முறை, ஜி.பி.எஸ். பக்கம் ஒரு முறை அந்தச் சிவப்பைத் தாண்டியது.

அன்று ராத்திரி மாதிரித் துண்டையும் பூதக்கண்ணாடியையும் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஜரிகை இழையைப் பார்த்துப் பழகிய கண். கண்ணாடியை வாங்கிக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இந்த இடத்துல கோர்வை விட்டிருக்கே?"

கோர்வை என்பது காஞ்சிபுரம் பட்டின் அடையாளம். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம் என்றால், இரண்டையும் தனித்தனியாக நெய்து தைப்பதில்லை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வொரு ஊடைக்கும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று சொல்வார்கள். இதற்குத் தறியில் இருப்பவரோடு, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போட இன்னொரு கை வேண்டும்.

அப்பா சுட்டிய இடம், உலோகக் கூட்டின் மூட்டு. தகட்டை அச்சில் வெட்டி, நான்கு பக்கமும் மடித்து, இரண்டு ஓரங்களையும் சேர்த்தால் கூடு. சேரும் இடத்தில் புறாவின் வால் போல விரிந்த ஒரு பல், எதிர்ப்பக்கப் பள்ளத்தில் போய்க் கவ்வும். அவர் வரைந்ததில் அப்படி ஒரே ஒரு பல்தான் இருந்தது. மீதி நீளமெல்லாம் மயிரிழை இடைவெளி. கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் அலைக்கு ஓட்டையின் பரப்பைவிட நீளம்தான் முக்கியம். பத்து வட்ட ஓட்டைகளைவிட, அவற்றை வரிசையாகச் சேர்த்தது போன்ற ஒரு நீளக் கீறல் மோசம். அந்தக் கீறலே ஆன்டெனா ஆகிவிடும். ஜி.பி.எஸ். பக்கக் கசிவு அங்கிருந்துதான் வந்தது. அதைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். ஆனால் அவர் கணக்கிட்ட மாடலில் அந்த மூட்டு, இடைவெளியே இல்லாத ஒரே தகடாக இருந்தது.

எஃப்.எம். பக்கக் கசிவுக்குக் காரணம் வேறு. கூட்டைப் போர்டோடு இணைக்கும் கால்கள் இரண்டுதான். அதுவும் ஒரே பக்கத்தில். கவசத்தில் ஓடும் மின்னோட்டம் சுற்றிக்கொண்டு கிரவுண்டுக்குப் போக வேண்டியிருந்தது. நான்கு மூலையிலும் கால் வைத்து, கேமராவின் வெளிக்கூட்டைத் தொடும்படி இரண்டு ஸ்பிரிங் நாக்குகளும் சேர்த்து, மூட்டில் ஒரு பல்லுக்குப் பதில் மூன்று பல் போட்டார். மூட்டின் மேல் லேசர் வெல்டிங் புள்ளிகளும் வேண்டும் என்றார். கால் ஒன்றுக்கு இத்தனை பைசா, வெல்டிங் புள்ளிக்கு இத்தனை என்று பர்ச்சேஸ் பிரிவோடு பத்து நாள் சண்டை. வெல்டிங்கை விட்டுக்கொடுத்து, கால்களைக் காப்பாற்றினார். அச்சைத் திருத்தும் செலவுதான் பெரியது. அதற்குக் கையெழுத்துப் போட்ட மேனேஜர், "அடுத்த தடவை இல்லம்மா" என்று மட்டும் சொன்னார்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. பள்ளி லீவு நாள்களில் அப்பாவின் தறியில் கரை நாடா போட்ட இரண்டாவது கை இவருடையதுதான். காலேஜுக்குப் போனதும் அந்த இடம் காலியானது. வேறு ஆள் கிடைக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் இன்று யாருக்கும் சுலபமாகக் கிடைப்பதில்லை. அப்பா கோர்வையை விட்டுவிட்டு, ஒற்றை ஆளாக நெய்யக்கூடிய புடவைக்கு மாறினார். கூலி குறைந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. 'கோர்வை விட்டிருக்கே' என்று அப்பா சாதாரணமாகச் சொன்னபோது, மகளுக்கு ஏன் கண் கலங்கியது என்பது அம்மாவுக்குப் புரிந்தது.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் புதிதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடியது. 2023-ல் அதே ஸ்ரீபெரும்புதூரின் ஃபாக்ஸ்கான் ஆலையில் டைப்-சி போர்ட் வைத்த ஐபோன் 15 தயாரானது. விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ்கள் இந்தப் பக்கத்துக் காட்சி. ஆனால் பாகங்களைப் பூட்டுவது வேறு, பாகத்தையே வரைவது வேறு. இரண்டாவதில் நாம் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறோம். 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை எலெக்ட்ரானிக்ஸ் பாகங்கள் தயாரிப்புக்காக 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆலைகள் வரட்டும், நல்லதுதான். அச்சைத் திருத்த ஒரு முறை கூடுதலாகக் கையெழுத்துப் போடும் மேனேஜர்களும் வேண்டும்.

இந்தத் தொழிலில் அவரை முதல் நாளே சிரிக்கவைத்தது, தொழிற்சாலையின் எக்ஸ்-ரே கருவி. கனெக்டரின் செப்புக் கலவைத் தொடுபுள்ளிக்கு மேல் நிக்கல், அதற்கு மேல் தங்கம் பூசுவார்கள். தங்கம் துருப்பிடிக்காது, நிக்கல் இல்லாவிட்டால் செம்பு மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊறிவிடும். தங்கத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதை எக்ஸ்-ரே பாய்ச்சி அளக்கிறார்கள். ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் சரியாக இருக்கிறதா என்று காஞ்சிபுரத்தில் பார்ப்பதும் இதே வகைக் கருவியில்தான். பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதன் மேல் தங்கம் பூசியதுதானே ஜரிகை! தங்கம் விலை ஏறினால் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே நாளில் தலைவலி.

இரண்டாவது சோதனையில் எஃப்.எம். பக்கம் கோடு சிவப்புக்கு நன்றாகக் கீழே வந்தது. ஜி.பி.எஸ். பக்கம் சுமார்தான், ஆனால் பாஸ். முதல் லாட் போனதும் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார்.

"இதுல உன் பேரு எங்க இருக்கு?"

"பேரு வராதுப்பா. பார்ட் நம்பர் மட்டும்தான்."

அப்பா பூதக்கண்ணாடியை வைத்து மூட்டில் இருந்த மூன்று பற்களையும் எண்ணினார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சொசைட்டிக்குக் கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலமே தெருவில் நான்கு பேர் வந்து அவரிடம் காரைப் பற்றிச் சந்தேகம் கேட்டார்கள்.