அப்பா போடாத பதில்

பூநாரைகளைப் பார்க்கும் ஆசையில்தான் ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அழைத்துக்கொண்டு கோடியக்கரைக்குப் போனேன். அப்பாவுக்கு 74 வயது. வேதாரண்யம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். பிழைப்புக்காகத் திருச்சிக்கு வந்த பிறகு ஊர்ப்பக்கம் அதிகம் போனதில்லை.

சதுப்பு நிலத்தில் ஒரு பூநாரைகூட இல்லை. "கொஞ்ச நாள் ஆகும்மா" என்றார் வழிகாட்டி. கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு, கொஞ்சமாய்த் தண்ணீர், ஓடி ஓடிக் கொத்தும் சின்னஞ்சிறு பழுப்புப் பறவைகள். எனக்கு ஏமாற்றம்தான்.

பைனாகுலரை வாங்கிப் பார்த்த அப்பா, "அட, உள்ளான்!" என்றார்.

வழிகாட்டிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அது கொசு உள்ளானாம். எடை சுமார் 25 கிராம்தான். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்பே பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிறது. சேற்றுப் புழுவும் பூச்சியும்தான் சாப்பாடு. தண்ணீர் ஏறிவிட்டால் அந்தக் குட்டைக் கால்களால் மேய முடியாது. நாம் வெறும் சேறு என்று நினைப்பதுதான் அதற்குப் பந்தி.

அப்பா பைனாகுலரை இறக்கினார்.

"இதை வலை போட்டுப் பிடிச்சுத் தின்னுருக்கோம்மா. அப்ப எனக்கு இருபது வயசுக்கு மேல இருக்கும். ஒண்ணு கால்ல அலுமினிய வளையம் இருந்துச்சு. ஏதோ இங்கிலீஷ் எழுத்து, நம்பர். உன் அத்தை கேட்டா, பாசிமணியோட கோத்துக்கக் கொடுத்துட்டேன்."

வழிகாட்டி கோபப்படவில்லை. சாலிம் அலி காலத்திலேயே மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள் என்றார். அந்த நம்பரை யாராவது எழுதி அனுப்பினால்தான் பறவை எங்கிருந்து எங்கே போனது என்று தெரியவரும்.

"அப்ப அது கடுதாசி மாதிரி. நான் பதிலே போடலை" என்றார் அப்பா. குரல் கம்மியிருந்தது.

அதன் பிறகு இரண்டு மணி நேரம் அவர் பறவைகளின் முகத்தையே பார்க்கவில்லை. ஒவ்வொரு காலாகத் தேடினார். வெயில் ஏறியது. வளையம் எதுவும் கண்ணில் படவில்லை.

காரில் ஏறும்போது கேட்டார்: "அடுத்த மாசம் வரலாமா?"

"பூநாரை பார்க்கவா அப்பா?"

"அது நீ பாரு. எனக்கு உள்ளான் போதும்."