ஈறு கற்பித்த பாடம்

காலையில் பல் துலக்கித் துப்பும் நீர் இளஞ்சிவப்பாக இருந்தால், பலர் செய்வது ஒன்றுதான். பல்துலக்கி கடினமாக இருக்கிறது என்று முடிவு செய்து, இரத்தம் வந்த இடத்தை மறுநாளிலிருந்து தொடாமல் விட்டுவிடுகிறார்கள். புண்பட்ட இடத்தைச் சீண்டக்கூடாது என்பது கை கால்களுக்குப் பொருந்தலாம், ஈறுக்குப் பொருந்தாது. பெரும்பாலும் அங்கே தேங்கிக் கிடக்கும் படலமே இரத்தக் கசிவுக்குக் காரணம். அதைத் துலக்காமல் விட்டால் கசிவு மேலும் கூடும். இதைப் பன்னிரண்டு பேர் தங்கள் வாயிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சோதனையின் முடிவுகள் 1965ஆம் ஆண்டு வெளிவந்தன. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹெரால்ட் லோ என்னும் நார்வே நாட்டு ஆய்வாளர் தம் குழுவினருடன் அதை நடத்தினார். பல் மருத்துவ மாணவர் ஒன்பது பேர், பயிற்றுநர் ஒருவர், ஆய்வுக்கூடப் பணியாளர் இருவர் என மொத்தம் பன்னிருவர் அதில் பங்கேற்றனர். அனைவருக்கும் ஈறுகள் நன்றாகவே இருந்தன. அவர்களிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது விசித்திரமானது: பல் துலக்க வேண்டாம். பல் மருத்துவம் கற்பவர்களுக்கு இதைவிடச் சங்கடமான கட்டளை இருந்திருக்க முடியாது!

பத்து நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. ஈறு சிவந்தது, வீங்கியது, தொட்டால் கசிந்தது. பல்லின் மேல் படிந்ததை நுண்ணோக்கியில் பார்த்தபோது, தொடக்கத்தில் உருண்டை வடிவ பாக்டீரியாக்களே மிகுந்திருந்தன. நாள் செல்லச் செல்ல இழை வடிவமும் சுருள் வடிவமும் கொண்டவை பெருகின. பிறகு அவர்கள் மீண்டும் துலக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

பற்களின் மேல் நாள்தோறும் படியும் அந்த வழவழப்பான பூச்சைப் பற்படலம் என்பார்கள். அது வெறும் உணவுத் துணுக்கன்று. உயிருள்ள பாக்டீரியாக்களின் கூட்டம். வாயைக் கொப்பளித்தால் உணவுத் துணுக்கு போகும், படலம் போகாது. உராய்ந்துதான் அகற்ற வேண்டும். அகற்றாமல் விட்டால், உமிழ்நீரில் உள்ள தாது உப்புகள் அதில் சேர்ந்து, அது சுண்ணாம்புபோல் இறுகிப் பற்காரையாகிவிடும். காரையாகிவிட்டதைப் பல்துலக்கியால் அசைக்க முடியாது. மருந்தகத்தில் அதற்கான கருவியால்தான் சுரண்டி எடுக்க வேண்டும். காரை எடுத்தால் பல் ஆட்டம் காணும் என்று அஞ்சுவோர் இன்றும் உண்டு. உண்மையில், ஈறு நோயால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரைதான் ஒட்டி வைத்திருந்தது போலத் தோன்றுகிறது. குற்றம் மட்டும் கருவியின்மேல் விழுகிறது.

ஈறு அழற்சி நீடித்தால், சிலருக்கு அது பல்லைத் தாங்கும் எலும்புக்கும் பரவுகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பை போன்ற பள்ளம் உண்டாகிறது. அங்கே துலக்கியின் நார் எட்டுவதில்லை. எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பெரும்பாலும் வலியே இருப்பதில்லை என்பதுதான் இந்நோயின் வஞ்சகம். சொத்தைப் பல் இரவில் எழுப்பிவிடும். ஈறு நோய் தூங்க விட்டுவிடும். அழற்சியோடு நின்றால் ஆர்ஹுஸ் மாணவர்களைப் போல முழுமையாக மீளலாம். கரைந்த எலும்போ தானாகத் திரும்பி வளர்வதில்லை.

துலக்காமை மூன்று வாரத்திற்குப் பதிலாக வாழ்நாள் முழுதும் நீடித்தால் என்ன ஆகும்? அதற்கும் விடை இருக்கிறது. அந்த விடை தமிழர்களின் வாயிலிருந்து கிடைத்தது.

1970ஆம் ஆண்டு, லோவும் அவருடைய குழுவினரும் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களின் பற்களைப் பரிசோதித்தனர். பிரிட்டிஷார் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் உறவு முறையினர் என்றே சொல்லலாம். பல்துலக்கி அவர்களிடையே புழக்கத்தில் இல்லை. பல் மருத்துவ வசதியும் தோட்டங்களை எட்டவில்லை. இதை அறியாமை என்றோ சோம்பல் என்றோ சொல்வது நியாயமாகாது. எவரும் கொடுக்காத ஒன்றை அவர்கள் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

1985ஆம் ஆண்டு வரை அதே மனிதர்கள் மீண்டும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களிடம் சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனால் எல்லாருடைய ஈறும் அழற்சியுற்றிருந்தது. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக வேகமாக முற்றியது. அவர்கள் 20 வயதிலேயே பல்லை இழக்கத் தொடங்கி, 35 வயதில் 12 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்தனர். துளிகூடச் சொத்தையில்லாத முழுப் பற்கள், தாங்க எலும்பின்றி உதிர்ந்தன. நூற்றுக்கு 81 பேருக்கு நோய் மெதுவாக நகர்ந்தது. 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன. எஞ்சிய 11 பேருக்கு அழற்சியைத் தாண்டி நோய் முற்றவே இல்லை.

“எங்கள் தாத்தா பல்துலக்கியையே பார்த்ததில்லை, கடைசிவரை கரும்பு கடித்தார்” என்று பெருமை பேசும் குடும்பங்கள் உண்டு. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தாத்தா 11 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். பேரன் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதைத்தான் முன்கூட்டியே எவராலும் சொல்ல முடியாது. ஆலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் போற்றிய முன்னோர் உராய்வின் பயனை அறிந்தே இருந்தனர். ஆனால் குச்சி பற்களின் இடுக்கில் நுழையாது. நோய் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் தொடங்குகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1950ஆம் ஆண்டுகளிலேயே குழாய்நீரில் புளோரைடு சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அது சொத்தையைக் குறைக்கும் நல்ல ஏற்பாடு. ஈறைக் காக்கும் வேலை மட்டும் அவரவர் கையில்தான் இருக்கிறது. மென்மையான நார் கொண்ட துலக்கியை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சற்றுச் சாய்த்து வைத்து, சிறு அசைவுகளாக இரண்டு நிமிடம் துலக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் ஈறு தேய்ந்து கீழிறங்கும். இடுக்குகளுக்குப் பல்லிடை நூலோ சிறு தூரிகையோ வேண்டும். இரண்டே வாரம் ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலோருக்குக் கசிவு நின்றுவிடும். நிற்காவிட்டால் மருந்தகத்திற்குச் செல்ல வேண்டியதுதான்.

புகைப்பவர்களுக்கு ஓர் ஆபத்து கூடுதல். புகை ஈறின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், நோய் இருந்தும் இரத்தம் அவ்வளவாகக் கசியாது. எச்சரிக்கை மணியே அறுந்துவிடுகிறது. வெற்றிலை போடுபவர்களின் வாயிலும் கசிவு எளிதில் தெரிவதில்லை. நீரிழிவு நோயாளிகளின் நிலை இன்னும் சிக்கலானது. இரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஈறு நோய் வேகமாகும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். இரு நாடுகளிலும் இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதி என்பதால், கால் பாதத்தைப் பார்ப்பதைப் போல ஈறையும் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளுக்குத் தேவைப்படுகிறது.

மலையகத் தொழிலாளர்களின் வாயிலிருந்து பெற்ற அளவுகள் இன்று உலகெங்கும் பல் மருத்துவப் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளன. ஆய்வாளர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. தொழிலாளர்கள் எண்களாக இருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு அவர்களுள் 75 பேர் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். நாற்பது ஆண்டுகளில் ஒரு பல்லையும் இழக்காதவரும் இருந்தார். 28 பற்களை இழந்தவரும் இருந்தார். 60 வயதில் ஒருவருக்கு 20 பற்களாவது எஞ்சுமா என்பதை, அவருடைய 30 வயதில் பல்லின் பிடிமானம் இருந்த நிலையே பெரிதும் காட்டிவிட்டதாக அந்த ஆய்வு கண்டறிந்தது. முதன்முதலில் பரிசோதிக்கப்பட்டபோது, அவர்களுள் மிக இளையவருக்கு வயது 14.