கழன்றுகொள்ளும் மூன்றாம் கியர்

வண்டியை வைத்துப் பிழைப்பவர்களின் இல்லங்களில், நோயாளிக்கு அடுத்தபடியாகக் கவலையோடு விசாரிக்கப்படுவது வண்டியே. மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இத்தகைய இல்லங்கள் மிகப்பல. மோட்டார்த் தொழில் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் இங்குத் தொடங்கிய தொழில் பின்னர் நாடறிந்த நிறுவனமாய் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வரவே, அதற்கு மாற்றாக வாயுவைக் கொண்டு வண்டியை ஓட்டும் கருவியைச் செய்ததும் அந்நிறுவனமே. இருப்பதைக் கொண்டு ஓட்டிவிடும் திறமை இன்றும் நம் ஓட்டுநர்களிடத்தே குறைவின்றி உண்டு. அத்திறமையே சில வேளைகளில் உயிருக்கு உலைவைக்கும் என்பதால்தான் இதை எழுதத் துணிந்தோம்.

நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், ஏறத்தாழ இருபது ஆண்டு ஓடிய லாரி ஒன்றைத் தவணைக் கடனில் வாங்கி, சிறுமலையிலிருந்து வாழைத்தாரும் பலாவும் ஏற்றி, நத்தம் வழியாக மதுரைக்குக் கொணர்பவர். அம்மலைச் சாலையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒரு நாள் அவருடைய மனைவி நம்மிடம் வந்து, "சாமி, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. மலை இறங்கும்போது கியர் தானா கழண்டுக்குதாம்" என்று கண்கலங்கினார். அவரை அழைத்துக் கேட்டோம். அவரோ சிரித்தார். "ஒண்ணுமில்லை சாமி, மூணாவது கியர்தான். இடது கையால அமுக்கிப் புடிச்சுக்கிட்டா நிக்குது" என்றார். இரண்டு மாதங்களாக இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தாராம்.

நம் தந்தையார் லாரி ஓட்டியவர். குருமட விடுமுறை நாள்களில் அவரருகே அமர்ந்து பயணம் செய்த நமக்கு, இதன் பொருள் உடனே விளங்கிற்று. பாரவண்டி மலை இறங்குகையில் அதைத் தாங்கிப் பிடிப்பது பிரேக் மட்டுமன்று. தாழ்ந்த கியரில் பூட்டப்பட்ட எஞ்சினின் இறுக்கமே பெரும்பங்கு தாங்குகிறது. கியர் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டால் அத்தனை பாரமும் பிரேக்கின் தலையில் விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும். சூடேற ஏறப் பிடிமானம் குறையும். அதுவும் ஒரு கை கியர்த் தண்டை அமுக்கிக்கொண்டிருக்க, மற்றொரு கையால் மட்டும் ஸ்டியரிங்கை வளைக்கும்போது! டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி, இறக்கத்தில் தாமாகவே நியூட்ரலில் விடுவோரும் இருக்கின்றனர். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

நத்தத்திலிருந்து மதுரை வரையுள்ள சமவெளியில் இந்நோய் தலைகாட்டுவதே இல்லை. அங்கே வண்டி மேல் கியர்களிலேயே ஓடுகிறது. மூன்றாம் கியருக்கு வேலை குறைவு. ஆகையால் மதுரை வந்து சேரும்போது ஓட்டுநருக்கும் வண்டி குணமாகிவிட்டது போல் ஒரு தோற்றம்.

அவர் அறியாமையால் இப்படிச் செய்தார் என்று நாம் எண்ணவில்லை. ஆகவே கடிந்துகொள்ளவும் இல்லை. வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை. இரண்டு நடை தவறினால் வியாபாரி வேறு லாரியைப் பார்த்துக்கொள்வார். பட்டறைக்குப் போனால் எவ்வளவு கேட்பார்களோ என்னும் அச்சம் வேறு. கியர் பெட்டி பல நாள் முன்னதாகவே முனகிக் காட்டுகிறது. கேட்கும் செவிக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை வைத்திருக்கும்போது, அந்த முனகல் யாருக்குக் கேட்கும்?

அவர் காட்டிய முதற் பட்டறையில், திறந்து பாராமலே, பெட்டியை முழுதாக மாற்ற வேண்டும் என்றனர். அத்தொகையைக் கேட்டதும் அவர் வீட்டிற்குத் திரும்பிவிட்டார். பின்னர், வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் நாமும் உடன்சென்றோம். அவர் முதலில் செய்தது எண்ணெயை வடித்ததுதான். இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. பின்புற ஆயில் சீல் வழியே கசிந்து போயிருந்தது. வடிந்த எண்ணெயை விரலிடையே தேய்த்துப் பார்த்தார். மாவு போன்ற கருஞ்சாந்து பழைய பெட்டியில் இயல்பு. நறுக்கிய நகம் போன்ற இரும்புத் துணுக்குகள் வந்தால் கவலைப்பட வேண்டும் என்றார். துணுக்குகள் சில இருந்தன. திறந்து பார்த்தபோது, மூன்றாம் கியரைக் கவ்விப் பிடிக்கும் பற்களின் முனைகள் மழுங்கியிருந்தன. கியரை நகர்த்தும் கவை தேய்ந்திருந்தது. தண்டை அதனதன் இடத்தில் நிறுத்தும் சிறு குண்டின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. மற்றவை நன்றாகவே இருந்தன. கூலியும் சாமானும் சேர்ந்து ஒரு மாதத் தவணையைவிடக் குறைவாகவே வந்தன. நான்கு நாள் வண்டி நின்றது. அந்நாள்களில் மைத்துனரின் வண்டி மலையேறிற்று. வியாபாரியிடம் நாமே பேசிவைத்தோம்.

பட்டறையிலே காத்திருந்தபோது, வளைகுடா நாட்டில் பல்லாண்டு வண்டியோட்டித் திரும்பிய ஒருவர் பேச்சில் கலந்துகொண்டார். ஆட்டோமாட்டிக் வண்டியாயின் இத்தொல்லையே இல்லை என்று இளைஞர் கூற, அவர் தலையசைத்து மறுத்தார். அங்கே அவர் ஓட்டிய பழைய பிக்கப்பில் கிளட்ச் மிதியும் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. ஆனால் அதில் ஆற்றலைக் கடத்துவதும் கியரை மாற்றுவதும் எண்ணெயின் அழுத்தமே. ஒரு நாள் எஞ்சின் மட்டும் உறுமிற்றாம், வண்டி நகரவில்லை. சிவப்பாயிருக்க வேண்டிய எண்ணெய் கருகிய நாற்றத்தோடு பழுப்பாகியிருந்ததாம். கையால் பிடித்து நிறுத்த அங்கே தண்டும் இல்லை! இத்தகைய பெட்டியை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-இலேயே கார்களுக்குக் கொண்டுவந்துவிட்டது. எனினும் நம் நாட்டு லாரிகளில் அது இன்றும் அரிதே. 2014 முதல் நம் சாலைகளில் பெருகிவரும் 'ஏ.எம்.டி.' கார்கள் வேறு வகை. அவற்றில் இருப்பது வழக்கமான கிளட்சும் கியரும்தான். மிதிப்பதையும் மாற்றுவதையும் மட்டும் ஒரு பொறி செய்கிறது. விற்பவர்கள் இவ்வேறுபாட்டை எல்லாருக்கும் விளக்கிச் சொல்வதாகத் தெரியவில்லை. பழைய வண்டி வாங்குவோர் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

இளைஞரின் லாரி இப்போது சிறுமலையிலிருந்து மூன்றாம் கியரிலேயே இறங்குகிறது. இரு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்கின்றன. மாதந்தோறும் எண்ணெய் அளவைப் பார்த்துவிடுகிறார். ஐந்தாம் கியரில் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்பதாகச் சென்ற வாரம் அவரே வந்து சொன்னார். பேரிங்காக இருக்கலாமாம். பலா வரத்து ஓய்ந்ததும் திறந்து பார்ப்பதாக மெக்கானிக்கிடம் நாள் குறித்திருக்கிறார்.